பிரமசாரி, மாணி, ஏகாங்கி: மணமாகா ஆடவரைக் குறிக்கும் சொற்களின் பொருள் வரலாறு

1. முன்னுரை

மணம் செய்துகொள்ளாத ஆடவனைக் குறிக்க இன்றைய தமிழில் பெருவழக்காக உள்ள சொல் பிரமச்சாரி என்பதாகும். தெலுங்கிலும் இச்சொல்லே வழங்குகிறது. வடமொழியிலிருந்து இரு மொழிகளும் தனித்தனியே பெற்றுக்கொண்ட இச்சொல்லை மொழிபெயர்ப்பாளர் பலரும் 'திருமணமாகாதவன்' என்பதன் நிகரனாகக் கொள்கின்றனர். இன்றைய உரைநடைக்கு இது பொருந்தும். ஆனால் கல்வெட்டு, பக்தி இலக்கியம், அறநூல், மடத்து ஆவணம் ஆகியவற்றை மொழிபெயர்க்குங்கால் இந்நிகரன் பிழையான பொருளைத் தருகிறது. சில இடங்களில் சொத்துரிமை யாருக்கு என்பதையே அது மாற்றிவிடும்.

பிரமசாரி என்னும் சொல்லையும், அதனோடு ஒருபொருட் கிளவிகளாக வழங்கிய மாணி, ஏகாகி, ஏகாங்கி, பைராகி ஆகிய சொற்களையும், பேச்சுவழக்கிலுள்ள ஒண்டிக்கட்டை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சித்தூர், திருப்பதிப் பகுதி இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்பட்டுள்ளது. பழைய சொற்கள் ஒருவன் செய்யும் பணியையோ நிற்கும் நிலையையோ குறித்தன. பிற்காலச் சொற்களும் பொருள்களும் அவனிடம் இல்லாத ஒன்றை, அஃதாவது மணத்தை, முன்னிறுத்துகின்றன. இம்மாற்றம் நிகழ்ந்த வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வுக் களம்

தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ்கூறு நல்லுலகின் வட எல்லையாகக் கூறும். அவ்வெல்லை வேலி போன்றதன்று. இரு மொழிகளும் கலந்து வழங்கும் அகன்ற நிலப்பரப்பே அது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. 1930களில் தேவஸ்தானம் அவற்றை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை தமிழில் அமைந்தவை. விசயநகர அரசர் காலத்திலும் கோயிற் கணக்கும் அறக்கட்டளைப் பதிவும் தமிழிலேயே தொடர்ந்தன.

ஆட்சி எல்லைகள் பன்முறை மாறின. திருப்பதி வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் சேர்க்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் சென்றது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் சொற்கள் இருபுறமும் சென்றுவந்தன. அறநூற் சொல், கோயிற் சொல், வடநாட்டு மடத்துச் சொல், தெருவிற் பேசும் சொல் ஆகிய நான்கும் ஒரே ஊரில் அருகருகே வழங்கியமையால் இப்பகுதி பொருள் மாற்ற ஆய்வுக்குத் தக்க களமாகிறது.

3. பிரமசாரி: சொல்லமைப்பும் முதற்பொருளும்

இச்சொல்லின் முற்பகுதியாகிய 'பிரமன்' (பிரஹ்மன்) என்பது இங்கு நான்முகனைக் குறிப்பதன்று, வேதத்தைக் குறிக்கும். பிற்பகுதி 'சர்' என்னும் வினையடியினின்று தோன்றியது. நடத்தல், ஒழுகுதல் என்பன அவ்வினையின் பொருள்கள். ஆகவே, வேதம் பயிலும் பொருட்டு ஆசானிடம் தங்கி அதற்குரிய ஒழுக்கத்தில் நிற்பவன் என்பதே பிரமசாரி என்பதன் முதற்பொருள். மணம் என்ற கருத்து சொல்லின் எப்பகுதியிலும் இல்லை.

இதற்குப் பாணினியின் இலக்கணமே சான்று. ஒரே வேதக் கிளையைப் பயிலும் உடன் மாணாக்கனைக் குறிக்க 'சப்பிரமசாரி' (ஸப்ரஹ்மசாரின்) என்னும் சொல் அமைவதை அவ்விலக்கணம் தனி விதியால் கூறுகிறது. உடன் பயில்பவன் என்பதே அச்சொல்லின் பொருள். 'தன்னைப் போலவே மணமாகாதவன்' என்று அதற்குப் பொருள் கொண்டால் அவ்விதி பொருளற்றதாகிவிடும்.

அதர்வவேதத்தின் பதினோராம் காண்டத்தில் பிரமசாரியைப் புகழும் ஒரு சூக்தம் உள்ளது. அதில் கன்னிப்பெண் பிரமசரியத்தால் இளங்கணவனை அடைகிறாள் என்ற கருத்து வருகிறது. இங்குப் பிரமசரியம் மணத்திற்கு எதிரானதாகக் கூறப்படவில்லை. மணத்திற்கு இட்டுச்செல்லும் ஆயத்தமாகவே கூறப்படுகிறது.

தமிழ் நூல்களும் இக்கருத்தையே காட்டும். திருமுருகாற்றுப்படையின் ஏரகப் பகுதி, நாற்பத்தெட்டு ஆண்டு இளமையை நோன்பிற் கழித்த அந்தணரைச் சுட்டுகிறது. இறையனார் களவியலுரை எண்வகை மணங்களுள் பிரமம் என்பதை விளக்குமிடத்து, நாற்பத்தெட்டு ஆண்டு பிரமசரியம் காத்தவனுக்கு அணிகலன் அணிந்து பெண்ணைக் கொடுத்தல் என்கிறது. எனவே, பிரமசரியம் காத்தமை மணத்திற்குத் தகுதியாயிற்று. 'மணம் இல்லாதவன்' என்பதினும் 'மணத்திற்கு முன்நிலையில் நிற்பவன்' என்பதே இங்குப் பொருத்தமான பொருள்.

வாழ்நாள் முழுதும் அந்நிலையிலேயே நிற்பவனுக்கு அறநூல்கள் தனி அடை கொடுத்தன. அவன் நைட்டிக பிரமசாரி எனப்பட்டான். கல்வி முடித்து இல்லறம் புகுபவன் உபகுருவாணன் எனப்பட்டான். அடை தேவைப்பட்டதே, அடையில்லாத சொல்லுக்கு 'என்றும் மணவாதவன்' என்ற பொருள் இல்லாமையைப் புலப்படுத்தும்.

இவ்வேறுபாடு சட்டத்தில் பயன் விளைத்தது. துறவி, வானப்பிரத்தன், பிரமசாரி ஆகியோரின் உடைமை அவரவர் ஆசான், நல்மாணாக்கன் முதலியோரைச் சேரும் என்பது யாக்ஞவல்கிய மிருதியின் விதி. கலியாண நகரில் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் வாழ்ந்த விஞ்ஞானேசுவரர், தம் மிதாட்சர உரையில் இவ்விடத்துப் பிரமசாரி என்றது நைட்டிகனையே என்று வரையறுத்தார். உபகுருவாணனின் உடைமை தாய் முதலிய உறவினரையே சேரும் என்பது அவர் முடிபு. 1810இல் மிதாட்சரத்தின் மரபுரிமைப் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த கோல்புரூக், இச்சொல்லுக்கு மாணாக்கன் என்னும் பொருள்படும் சொல்லையே ஆண்டார். 'மணமாகாதவன்' எனப் பெயர்த்திருப்பாராயின், மணமின்றி இறந்த ஒவ்வோர் இளைஞனின் சொத்தும் குடும்பத்தை விட்டு ஆசானிடம் செல்லும் என்ற விபரீதப் பொருள் தோன்றியிருக்கும். சென்னை மாகாணத்தில் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை மரபுரிமை வழக்குகளுக்கு மிதாட்சரமே அடிப்படையாக இருந்தது என்பதை எண்ணின் இதன் தாக்கம் விளங்கும்.

எழுத்துவடிவம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பிரமசாரி, பிரமச்சாரி, பிரம்மசாரி, பிரம்மச்சாரி என நான்கு வடிவங்கள் தமிழில் உள்ளன. தமிழில் உயிர்களுக்கிடையே வரும் தனிச் சகரம் உரசொலியாக நெகிழும். இரட்டித்த சகரமே வல்லொலியாக நிற்கும். மூலச்சொல்லின் வல்லொலியைக் காக்கும் பொருட்டே பேச்சையொட்டிய வடிவங்களில் சகரம் இரட்டித்தது. தெலுங்கில் தனி எழுத்தே அவ்வொலியைக் காக்குமாதலின் அங்கு இரட்டிப்பு நிகழவில்லை. இவ்விரட்டிப்பால் ஒரு மயக்கமும் விளையும். தெலுங்குநாட்டு விசுவகர்மரிடையே வழங்கும் 'பிரம்மாச்சாரி' என்னும் ஆட்பெயர் 'பிரம்ம + ஆசாரி' என்னும் வேறு தொடர். ஒரு நெடிலே இரண்டையும் வேறுபடுத்துகிறது. ஆங்கில எழுத்துவழி வந்த பெயர்ப்பட்டியலைத் தமிழாக்குவோர் அந்நெடிலை இழந்தால், மனைவி மக்களோடு வாழ்ந்த ஒருவர் பெயரளவில் பிரமச்சாரியாகிவிடுவார்.

4. மாணி

பிரமசாரி என்னும் சொல் பெருவழக்குப் பெறுவதற்கு முன் தமிழில் நன்கு வழங்கிய சொல் மாணி. மாணவன், மாணாக்கன் என்பன இதனோடு தொடர்புடையவை. வடமொழியில் மாணவ, மாணவக என்பன சிறுவனையும் பயில்வோனையும் குறிக்கும். அச்சொல்லை மனு என்பதன் வழித்தோன்றலாகக் கொண்ட வடமொழி இலக்கணிகள், அதிலுள்ள ணகரத்தை விளக்குவதற்கு இழிவுப்பொருளில் வரும் தனி விதி ஒன்றை வகுக்க நேர்ந்தது.

தேவாரத்தில் மாணி என்னும் சொல் மார்க்கண்டேயனைக் குறிக்கிறது. ஆழ்வார் பாடல்களில் அது வாமனனைக் குறிக்கிறது. பெரியாழ்வார் மாணி, குறள் என்னும் இரண்டையும் இணைத்து வாமனனுக்கு வழங்குகிறார். மாவலியிடம் வந்த திருமால் பூணூலும் முஞ்சியும் குடையும் தாங்கிய மாணாக்கக் கோலத்தினன், உருவத்தாற் குறியவன். இரு பண்பும் ஒருவனிடத்தே சேர்ந்தமையால், நிகண்டு மரபில் மாணி என்பதற்கே குறள் என்ற பொருளும் ஏறிற்று. புராண மாந்தன் ஒருவன் வழியாகச் சொல் புதுப்பொருள் பெற்றதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தெலுங்கும் இவ்விடத்தில் இணையாகச் செல்கிறது. வடமொழி 'வடு' என்பதன் வழிவந்த 'வடுகு' தெலுங்கில் பூணூல் அணிந்த சிறுவனையும் வாமனனையும் குறிக்கும். 'ஒடுகு' என்பது உபநயனத்தைக் குறிக்கும். போதனரின் பாகவதத்தில் வாமனன் 'வடுடு' எனப்படுகிறான். தமிழில் வடுகன் என்னும் வடிவம் இரு வேறு சொற்களுக்கு உரியது. தெலுங்கனைக் குறிக்கும் வடுகன் வேறு. வைரவக் கடவுளைப் பிரமசாரிக் கோலத்தில் குறிக்கும் வடுகன் வேறு. வேங்கடப் பகுதி ஆவணங்களை ஆள்வோர் இவ்விரண்டையும் இடம் நோக்கிப் பிரித்தறிதல் வேண்டும்.

கல்வெட்டில் மாணி ஒரு பணிப்பெயர். முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரியகோயிலுக்குப் பணியாளர் அனுப்பவேண்டிய ஊர்களை வரிசைப்படுத்தும் கல்வெட்டில், பண்டாரம் காக்கும் பிராமணர், கணக்கர், காவலர் ஆகியோருடன், பரிசாரகம் செய்யும் மாணிகளும் இடம்பெறுகின்றனர். பிரமதேய ஊர்ச்சபைகள் இவர்களை அனுப்பவேண்டும். இங்கு மாணி என்பதை 'மணமாகாதவர்' எனப் பெயர்த்தால், ஊர்ச்சபை மணமாகாதவர்களைத் தேடி அனுப்பியது போன்ற தோற்றம் எழும். உண்மையில் அவர்கள் வேதம் பயிலும் நிலையினர். தூய்மை நோன்பு பூண்டு திருப்பணிக்குரிய தகுதி பெற்றவர்கள். மணமின்மை அத்தகுதியின் ஒரு கூறு, அதுவே தகுதியன்று.

இச்சொல் கன்னடத்தில் மற்றொரு வழியிற் சென்றது. கடற்கரைக் கன்னடத்தில் மாணி என்றால் சிறுவன். உடுப்பி உணவகங்கள் பரவியபோது, பரிமாறும் பையனையும் மாணி என்றே அழைத்தனர். கோயிலில் பரிசாரகம் செய்த மாணியும் உணவகத்தில் பரிமாறும் மாணியும் பணியால் நெருங்கியிருப்பது கருதத்தக்கது. தமிழிலோ மாணி பேச்சுவழக்கிலிருந்து மறைந்தது. மாணவன் மட்டும் கல்விப்பொருளோடு நிலைத்தது. மாணி விட்டுச்சென்ற இடத்தைப் பிரமசாரி பிடித்துக்கொண்டது.

5. ஏகாகி, ஏகாங்கி

திருமலைக் கோயில் வழக்கிற்குச் சிறப்பாக உரிய சொல் ஏகாங்கி. பெரிய ஜீயர், சின்ன ஜீயர் ஆகியோருக்குத் துணையாக நின்று கோயிற் கைங்கரியம் செய்யும் இல்லறம் சாராத வைணவரை இது குறிக்கும். திருவரங்கத்துக் கோயிலொழுகிலும் ஏகாங்கிகள் இடம்பெறுகின்றனர். இராமானுசர் திருமலையில் கோயில் மேற்பார்வையை முதலில் ஏகாங்கி ஒருவரிடம் ஒப்படைத்தார் என்றும், பின்னர் அப்பொறுப்பு துறவு பூண்ட ஜீயரிடம் சென்றது என்றும் திருமலை மரபு கூறும். மணமாகாதிருத்தலுக்கும் துறவுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இம்மரபு தெளிவாகப் போற்றுகிறது. ஏகாங்கி நாளை மணக்கலாம். ஜீயர் மணக்க இயலாது. ஆகவே மணமின்மை என்ற ஒன்றனுள்ளேயே படிநிலைகள் இருந்தன. ஒவ்வொரு படிக்கும் தனிச்சொல் இருந்தது.

விசயநகரக் காலத் திருப்பதிக் கல்வெட்டுகளில் 'ஏகாகி ஸ்ரீவைஷ்ணவர்' என்னும் வடிவம் வருகிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாளுவ நரசிம்மன் ஏற்படுத்திய இராமானுசகூடங்களைக் கந்தாடை இராமானுச ஐயங்கார் நிருவகித்தார். அவருடைய மாணாக்கராகிய சாத்தாத ஏகாகி ஸ்ரீவைஷ்ணவர் பிரசாதப் பங்கு பெற்றனர். 'சாத்தாத' என்பது பூணூல் சாத்தாதவர் என்று பொருள்படும். பிரமசாரி, மாணி ஆகிய சொற்கள் பூணூல் அணிந்தாரையே சுட்டின. ஏகாகி என்னும் சொல்லோ அணியாதாரையும் தழுவிற்று. வருண வரம்பைக் கடந்து மணமாகா அடியாரைக் குறிக்கும் சொல் தேவைப்பட்ட சமயச் சூழலில் இச்சொல் பயன்பட்டது என்பது இதனாற் புலனாகும்.

சொல்லாராய்ச்சி நோக்கில் ஏகாகி, ஏகாங்கி என்பன இரு வேறு அமைப்பின. ஏகாகி என்பது 'தனியன்' என்னும் பழைய வடசொல். பிருகதாரணியக உபநிடதத்தில், படைப்புக்கு முன் தனித்திருந்தவன் மகிழ்வின்றி இரண்டாவதொன்றை விரும்பினான் என்னுமிடத்து இச்சொல் வருகிறது. ஏகாங்கி என்பது 'ஏக + அங்கம்', ஒற்றை உடலினன் என விரியும். மூக்கொலி ஒன்றே இரண்டையும் பிரிப்பதால் ஒன்றன் இடத்தை மற்றொன்று எளிதில் எய்தியது. வடநாட்டில் 'ஏகாங்க' என்பதற்கு வேறு வரலாறும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்கணர் இயற்றிய இராசதரங்கிணியில் ஏகாங்கர் என்போர் காசுமீர அரசியலில் இடம்பெற்ற படைப்பிரிவினர். இந்தியில் ஓரங்க நாடகத்தைக் குறிக்கும் 'ஏகாங்கி' என்பது 'ஏக + அங்கம் (அங்க்க)' என்னும் பிறிதொரு தொடர். மூலமொழியில் ககரமும் அதன் மெல்லொலியும் வேறுவேறு எழுத்துகள். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

6. பைராகி, மகந்து

1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி கோயில் நிருவாகத்திலிருந்து விலகித் திருமலைக் கோயிலை ஹாத்திராம்ஜி மடத்தின் மகந்து சேவாதாசரிடம் ஒப்படைத்தது. 1933ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் திருமலை திருப்பதி தேவஸ்தானக் குழுவை அமைக்கும்வரை அம்மடத்து மகந்துகளே கோயிலை நிருவகித்தனர். இவர்கள் வடநாட்டு வைணவ மரபினராகிய பைராகிகள், மணம் செய்யாதவர்கள். பதவி தந்தையிடமிருந்து மகனுக்கன்றி ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குச் சென்றது. மிதாட்சரம் துறவிக்கும் நைட்டிகனுக்கும் கூறிய உரிமைமுறையின் நிழலை இதிற் காணலாம்.

மகந்துவின் நிருவாகப் பட்டம் 'விசாரணகர்த்தா' என்பது. ஜீயரின் பட்டமோ 'கோயில் கேள்வி'. கேட்டல், விசாரித்தல் என்னும் இருசொற்களும் இங்கு மேற்பார்வையையே குறிக்கின்றன. தமிழ்ப் பட்டம் தாங்கிய மணமாகாதவரும் வடமொழிப் பட்டம் தாங்கிய மணமாகாதவரும் ஒரே கோயிலில் அடுத்தடுத்து நின்றனர். குடும்பம் இல்லாதவனே பொதுச்சொத்தைக் காக்கத் தக்கவன் என்ற நம்பிக்கை இரு மரபுகளுக்கும் பொதுவாக இருந்தது. மணமின்மை இங்குக் குறைபாடாகக் கருதப்படவில்லை. பதவிக்குரிய தகுதியாகவே கருதப்பட்டது.

பைராகி என்பது 'வைராக்கியம்' என்பதனோடு தொடர்புடைய வடநாட்டு வடிவம். வகரம் பகரமானமையே அதன் வழியைக் காட்டும். இச்சொல்லின் பின்வரலாறு கருதத்தக்கது. வடநாட்டின் பல பகுதிகளில் பைராகி என்பது இல்லறத்தாரின் குடிப்பெயராக மாறிவிட்டது. கோசாயி என்பதும் அவ்வாறே. தமிழில் ஆண்டி என்னும் சொல் ஒருபுறம் இரந்துண்ணும் துறவியையும் மறுபுறம் மனைவி மக்களோடு வாழும் ஒரு குடியினரையும் குறிக்கும். சாத்தாத ஸ்ரீவைஷ்ணவரும் ஆந்திரத்தில் சாத்தானி என்னும் குடியினராக அறியப்பட்டனர். மணமாகாதாரைக் குறித்த சொல், மணத்தால் மட்டுமே தொடரக்கூடிய குடிப்பெயராவது பொருள் மாற்றத்தின் எதிர்முனை எனலாம். பணியால் அமைந்த சொல் அப்பணியைச் செய்வோரின் வழியினரைத் தொடர்ந்து சென்றது. மணமின்மை என்னும் கூறு உதிர்ந்தது.

7. ஒண்டிக்கட்டை

பேச்சுத்தமிழில் குடும்பமில்லாதவனை ஒண்டிக்கட்டை, தனிக்கட்டை என்பர். ஒண்டி என்பதன் ஒலியமைப்பு கருதத்தக்கது. 'ஒன்று' என்பது பேச்சுத்தமிழில் 'ஒண்ணு' எனத் திரியும். அவ்வழியில் 'ஒண்டி' என்னும் வடிவம் தோன்றாது. தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒற்றையைக் குறிக்கும் சொல் 'ஒண்ட்டி' என்றே உள்ளது. எனவே வட எல்லைப் பகுதி வழியாக இவ்வடிவம் தமிழில் பரவியது எனக் கொள்ளுதல் பொருந்தும். ஒண்டுக்குடித்தனம் என்பதிலுள்ள 'ஒண்டு' சார்ந்திருத்தலைக் குறிக்கும் வேறு சொல். இரண்டையும் மயக்குதல் கூடாது. தெலுங்கில் 'ஒண்ட்டரி' என்பது தனியனைக் குறிப்பதோடு ஒருகாலத்தில் படைவீரரையும் குறித்தது. ஏகாங்கரும் படையினராக இருந்தமை இதனோடு ஒப்பிடத்தக்கது.

கட்டை என்பது மரத்துண்டு; உடலுக்கும் ஆகிவரும். கட்டைப் பிரமச்சாரி என்னும் தொடரில் அது 'இனித் துளிர்க்காத' என்னும் குறிப்பைத் தருகிறது. சீனமொழியில் மணமாகா ஆடவனைக் குறிக்கும் பேச்சுச்சொல்லும் 'வெறுங்கோல்' என்னும் பொருளுடையது. கிளையில்லா மரம் என்னும் உருவகம் இரு மொழியிலும் தனித்தனியே தோன்றியிருக்கிறது. கட்டை என்னும் அடை பிரமச்சாரியோடு சேர்ந்தபோது சொல்லின் மதிப்பும் மாறிற்று. நைட்டிகன் என்னும் அடை பெருமையைத் தந்தது. அதே நிலையைக் குறிக்கும் கட்டை என்னும் அடை நகையையும் இரக்கத்தையும் தருகிறது.

8. சொல்லும் அதன் பண்புப்பெயரும் பிரிந்தமை

பிரமசாரி, பிரமசரியம் என்னும் இரண்டும் ஓரடிப் பிறந்தவை. பழங்காலத்தில் இரண்டிலும் மூன்று கூறுகள் ஒருங்கிருந்தன: கல்வி, புலனடக்கம், மணத்திற்கு முன்நிலை. இருபதாம் நூற்றாண்டில் இவை பிரிந்தன.

காந்தியடிகள் 1906இல் தென்னாப்பிரிக்காவில் பிரமசரிய விரதம் பூண்டார். அப்போது அவர் மணமானவர். நான்கு மக்களின் தந்தை. அவர் எழுத்துகள் வழியாகப் பிரமசரியம் என்பது மணமான ஒருவரும் கைக்கொள்ளத்தக்க புலனடக்கம் என்ற பொருளில் நாடெங்கும் பரவியது. கல்வியும் மணமின்மையும் அப்பொருளிலிருந்து நீங்கின. மறுபுறம், ஆட்பெயராகிய பிரமச்சாரி ஒழுக்கக் கூறை இழந்து மணநிலையை மட்டும் தாங்கிற்று. 1938இல் வெளிவந்த மராத்தித் திரைப்படமும் 1968இல் வெளிவந்த இந்தித் திரைப்படமும் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டவை. முன்னது பிரமசரிய விரதத்தையே நகைப்புக்கு உரியதாக்கியது.

இதன் விளைவாக இன்றைய தமிழில் ஒரு முரண் நிலவுகிறது. பிரமச்சாரி ஒருவன் பிரமசரியம் காப்பவன் ஆகவேண்டியதில்லை. பிரமசரியம் காப்பவர் பிரமச்சாரி ஆகவேண்டியதில்லை. ஒரே அடியிற் பிறந்த வினைமுதற்பெயரும் பண்புப்பெயரும் ஒன்றையொன்று வேண்டாது தனித்து நிற்கின்றன. சபரிமலை வழக்கில் உச்சநீதிமன்றம் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் அளித்த தீர்ப்பைச் சூழ்ந்த வாதங்களில் நைட்டிக பிரமசாரி என்னும் தொடர் மீண்டும் மீண்டும் எழுந்தது. அதனை 'மணமாகாதவர்' எனப் பெயர்த்தோர் வாதத்தின் உயிர்ப்பகுதியை இழந்தனர். அங்குப் பேசப்பட்டது மணநிலை பற்றியதன்று. வாழ்நாள் நோன்பு பற்றியது.

9. பேச்சிலர்

இன்று திருப்பதி பல்கலைக்கழக நகரம். வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954இல் நிறுவப்பட்டது. பின்னர் சமற்கிருதக் கல்விக்கும் வேதக் கல்விக்கும் உரிய நிறுவனங்கள் தோன்றின. ஒரே ஊரில் வேதம் பயிலும் பழைய பொருட் பிரமசாரியும், வாடகை அறையில் தங்கிப் பொறியியல் பயிலும் புதிய பொருட் பிரமச்சாரியும் வாழ்கின்றனர். பின்னவரைக் குறிக்கத் தமிழிலும் தெலுங்கிலும் இன்று வழங்கும் சொல் பேச்சிலர்.

அச்சொல்லின் வரலாறும் இதே பாதையில் சென்றது. இடைக்கால இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த அது ஆங்கிலத்தில் முதலில் இளம் போர்வீரனைக் குறித்தது. பின் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டம் பெற்றவனைக் குறித்தது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதிக்குள் மணமாகாதவனையும் குறித்தது. செருமானிய மொழியில் மணமாகாதவனைக் குறிக்கும் சொல் இளந்தொழிலாளன் என்னும் பொருளிற் பிறந்தது. பயில்வோன், படைவீரன், தொழில் பழகுவோன் ஆகியோரைக் குறித்த சொற்கள் மணமாகாதவனைக் குறிக்க வருவது மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான போக்கு. பயிற்சிக் காலமும் மணத்திற்கு முற்பட்ட காலமும் ஒன்றாயிருந்த சமூக அமைப்பே இதற்குக் காரணம்.

வீட்டு வாடகைத் தமிழில் பேச்சிலர் மேலும் ஒரு படி நகர்ந்துள்ளது. ஊரில் மனைவி மக்களை விட்டுத் தனியே தங்கிப் பணிபுரிபவரும் வீட்டுக்காரர் கணக்கில் பேச்சிலரே. இங்கு மணநிலையும் உதிர்ந்துவிட்டது. 'குடும்பத்தோடு வாழாதவர்' என்பது மட்டும் எஞ்சியுள்ளது. பொருள் நிலையில் இது ஏகாகி என்னும் பழஞ்சொல்லுக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. ஆனால் மதிப்பில் இரண்டும் எதிரெதிர். ஏகாகிக்குத் தனிமை கோயிலிற் பங்கைப் பெற்றுத் தந்தது; பேச்சிலருக்கு அது வீட்டுக் கதவை அடைக்கிறது.

10. மொழிபெயர்ப்புக்குரிய கருத்துகள்

மேற்கூறியவற்றால் மொழிபெயர்ப்பாளர் கருத்திற் கொள்ளத்தக்கன சில உள.

அ) கல்வெட்டிலும் பக்தி இலக்கியத்திலும் வரும் மாணி என்பதை மாணாக்கன், நோன்பிளைஞன் எனப் பணிநோக்கிப் பெயர்த்தல் வேண்டும். வாமனனைக் குறிக்குமிடத்து மட்டும் குறுவடிவம் என்னும் பொருள் இயையும்.

ஆ) அறநூல், சட்டநூல்களில் பிரமசாரி வருமிடத்து நைட்டிகனா, உபகுருவாணனா என்பதை உரைநோக்கித் துணிதல் வேண்டும். உடைமை யாரைச் சேரும் என்பது அத்துணிவைப் பொறுத்தது.

இ) ஏகாங்கி, மகந்து, ஜீயர் என்பன பதவிப்பெயர்கள். அவற்றைப் பெயர்க்காது அவ்வாறே எழுதி விளக்கம் தருதல் நன்று.

ஈ) காந்தியக் காலத்திற்குப் பிற்பட்ட எழுத்தில் பிரமசரியம் என்பதற்குப் புலனடக்கம் என்றும், பிரமச்சாரி என்பதற்கு மணமாகாதவர் என்றும் கொள்ளலாம். ஒன்றற்குரிய நிகரனை மற்றதற்குக் கொள்ளுதல் கூடாது.

உ) விண்ணப்பங்களிலும் அரசு ஆவணங்களிலும் 'திருமணமாகாதவர்' என்னும் சொல்லே தக்கது. அது இருபாலுக்கும் பொதுவானது. சமய மரபு எதனையும் சுட்டாதது.

11. முடிவுரை

வேங்கட எல்லையில் மணமாகா ஆடவரைக் குறித்த சொற்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளில் கல்வியிலிருந்து பணிக்கும், பணியிலிருந்து நிலைக்கும், நிலையிலிருந்து குறைக்கும் நகர்ந்துள்ளன. மாணி ஊர்ச்சபை அனுப்பிய பணியாளன். ஏகாகி பிரசாதத்திற் பங்குடைய அடியான். மகந்து கோயிலை ஆண்டவன். இவர்கள் எவரையும் அவர்கள் காலத்துச் சொல் 'இல்லாதவன்' என்று அழைக்கவில்லை. 'மணமாகாதவன்' என்னும் எதிர்மறைப் பெயர், மணத்தையே ஆடவனின் இயல்பான முடிவாகக் கொண்ட பிற்காலப் பார்வையின் விளைவு. அப்பார்வையைப் பழைய ஏடுகளின் மீதும் கல்லின் மீதும் ஏற்றாதிருப்பதே மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமை. சொல்லுக்கு நிகரன் தேடுமுன், அச்சொல்லைத் தாங்கியவன் அங்கு என்ன செய்துகொண்டிருந்தான் என்று வினவுதல் அதற்கு உதவும்.